பாடிவிட்டுச் சொல்லுங்கள்

எஸ்பியர்க்
10.01.1988

அன்புள்ள எமிலியாவுக்கு,

நவம்பர் பத்தொன்பது என்று திகதி போட்ட உம்முடைய நாலு வரி நேற்றுத்தான் கைக்கு வந்தது. யாரோ கொழும்பில் கொண்டுபோய்த் தபாலில் போட்டிருக்கிறார்கள். நீரும் மரினாவும் கிளோறியாவும் உயிரோடு இருக்கிறீர்கள் என்பதையே நாலு வரியிலும் மாற்றி மாற்றி எழுதியிருந்தீர். அதற்கு மேல் நான் என்ன சுகம் விசாரிக்க. ஒக்ரோபர் முழுக்க, ரேடியோவில் யாழ்ப்பாணம் என்ற சொல் வந்தால் மீன் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மேற்பார்வைக்காரர் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் சுகம். வேலை அதே மீன் தொழிற்சாலையில்தான். உங்களை டென்மார்க்குக்குக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தைப் போன வருடம் யூன் பதினோராம் திகதி கொடுத்தேன். ஏழு மாதமாகிறது, பதில் இல்லை. என்னோடு வேலை செய்கிற பரமானந்தமும் தன் மனைவி கோகிலாவுக்காக அதே மாதம்தான் கொடுத்தான். மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடிக்காரன். அவனுக்கும் இல்லை.

இனி ஒரு புதினம். சிரிக்காதேயும். மீன் பெட்டி அடுக்குகிற இடத்தில் கிர்ஸ்தன் என்று ஒரு பெண் வேலை செய்கிறாள். ஒரு நாள் என் பக்கம் திரும்பி, "நீ என்ன பாடுறாய்?" என்று கேட்டாள். நான் பாடிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. இறந்தவர்களுக்கான பழைய இலத்தீன் பூசைப் பாட்டு. ஒக்ரோபரிலிருந்து அது என் வாயில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் நிறுத்தினேன். அவள் அடுத்த வரியைப் பாடினாள்.

இந்த நகரத்துப் பெரிய செங்கல் கோயிலில் வருடா வருடம் வசந்த காலத்தில் கச்சேரித் தொடர் நடக்குமாம். மார்ச்சிலிருந்து மே வரை ஆறு வியாழக்கிழமைகள். நானூறு ஐந்நூறு வருடப் பழைய இசைதான். அதில் பாடுகிற சிறிய குழுவில் கிர்ஸ்தனும் ஒருத்தி. குழுவை நடத்துகிற இங்கர் என்ற ஆசிரியையிடம் என்னைக் கூட்டிப் போனாள். இங்கர் பாடச் சொன்னார், பாடினேன். அடுத்த வரி என்றார், அதையும் பாடினேன். புத்தகம் இல்லாமல் கடைசிவரை போய்விட்டேன்.

"உங்களுக்கு இலத்தீன் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இலத்தீன் தெரியாது. பாட்டுத் தெரியும்" என்றேன்.

இந்த வருடம் என்னையும் சேர்க்கப் போகிறார்களாம். நீங்கள் அங்கே அப்படி இருக்க, நான் இங்கே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாட நிற்பது சரியா என்று தெரியவில்லை. நீர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். ஒக்ரோபரில் எங்கே இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எல்லாம் எழுதும். மரினாவைத் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லும்.

பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் சிலுவை போட்டுவிடும்.

உம்முடைய,
மரியரட்ணம்

*

அந்தோனியார் துணை

பாஷையூர்
04.02.1988

அன்புள்ள மரினாவின் அப்பாவுக்கு,

கடிதம் இருபத்துமூன்று நாளில் வந்தது. நாங்கள் மூவரும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம். முந்தி எழுதிய உங்கள் இருமலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று இதில் எழுதவில்லை. இருமலோடு எப்படிப் பாடப் போகிறீர்கள்.

பாடலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். எங்கள் கலியாணத்துக்கு முதல் நாள் மழையில் நனைந்து தொண்டை கட்டி நின்றீர்கள். பாட வேண்டாம் என்று அப்பு சொன்னார், பங்குச் சுவாமியும் சொன்னார். கேட்டீர்களா? மாப்பிள்ளையே எழும்பிப் போய்ப் பாடகர் குழுவில் நின்றதைப் பாஷையூர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. அன்றைக்கு என்னிடம் அனுமதி வாங்கவில்லை. இன்றைக்கும் வேண்டாம். போய்ப் பாடுங்கள்.

ஒக்ரோபரில் சண்டை தொடங்கியதும் கோயிலுக்குள் பதினொரு நாள் இருந்தோம். எண்ணூறு பேர் என்று சுவாமி கணக்குச் சொன்னார். சோறும் பருப்பும் கிடைத்தன. கிணற்றுக்கு முறை வைத்துப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டின் சமையலறைச் சுவர் இல்லை. மற்ற மூன்று அறையும் நிற்கின்றன. உங்கள் ஆர்மோனியமும் தப்பிவிட்டது, எலி கடித்த இடத்தைத் தவிர.

இங்கே இனிப் பிரச்சினை இல்லை, வெளிநாட்டிலிருப்பவர்கள் திரும்பி வரலாம் என்று ஐரோப்பாவில் சில அதிகாரிகள் சொல்கிறார்களாம். கொழும்புப் பேப்பரில் பார்த்ததாக விமலராணி ரீச்சர் சொன்னார். அப்படிச் சொல்கிறவரை ஒரு கிழமை என்னோடு வந்து இருக்கச் சொல்லுங்கள். சமையலறைக்குச் சுவர் இல்லாதபடியால் நல்ல காற்றோட்டம்.

மரினாவுக்கு எழுத இப்போது நேரமில்லை. சுகமாக இருக்கிறாள். கிளோறியாவுக்கு முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன.

மூவரின் முத்தங்களோடு,
உங்கள் எமிலியா

*

எஸ்பியர்க்
05.03.1988

அன்புள்ள எமிலியாவுக்கு,

உம்முடைய கடிதம் வந்த நாளில் இருமல் நின்றுவிட்டது என்று எழுதினால் நம்பமாட்டீர். ஆனால் உண்மை. பரமானந்தத்துக்கு வாசித்துக் காட்டினேன். காற்றோட்டம் என்ற இடத்தில் சிரித்தான். பிறகு எழும்பிப் போய் யன்னலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

முதல் கச்சேரி நேற்று முன்தினம் முடிந்தது. இவர்களுடைய கோயிலில் புனிதர்களின் சுரூபங்கள் கிடையாது. வெள்ளைச் சுவர், நடுவில் கூரையிலிருந்து தொங்குகிற ஒரு சின்னக் கப்பல். கடற்கரை ஊர்களில் அப்படித்தான் தொங்கவிடுவார்களாம். இங்கர் கையைத் தூக்குகிறவரைக்கும் நான் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாத்தியங்களைச் சொன்னால் கிளோறியா சிரிப்பாள். ஒன்று வயலினுக்குப் பெரியம்மா முறை, கால்களுக்கு இடையில் வைத்து வாசிக்கிறார்கள். இன்னொன்று பியானோ மாதிரி இருக்கும், ஆனால் கம்பியைக் கிள்ளுகிற சத்தம் வரும். சனம் ஒரு பாட்டு முடியும்வரை அசையாது. முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து இருமுகிறார்கள். இருமலுக்கும் ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள்.

பாட்டுத் தாளில் இலத்தீனுக்கு மேலே நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் இங்கர் அதைத் தள்ளி நின்று பார்த்தார். இப்போது, "இந்த இடத்தில மூச்செடுக்கிறதெண்டு உங்கட எழுத்தில எழுதுங்கோ" என்று விரலை வைத்துக் காட்டுகிறார். மே இருபத்தாறில் கடைசிக் கச்சேரி. அதை நான்தான் தொடங்க வேண்டுமாம். வாசலிலிருந்து தனியாக, வாத்தியம் இல்லாமல், பாடிக்கொண்டே நடந்து போய் மற்றவர்களோடு சேர வேண்டும்.

போன கிழமை கொப்பன்ஹேகனுக்குப் போய்க் குடிவரவு அலுவலகத்தில் விசாரித்தேன். விசேசம் ஒன்றுமில்லை.

மரினா ஏன் எழுதவில்லை, கோபமா? இரண்டு குரல் சேர்ந்து போகிற ஒரு இடத்தை இசைக்குறியோடு எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். இரண்டாவது குரலை அவளைப் பாடிப் பார்க்கச் சொல்லும். அவளுடைய சத்தத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

மூவரையும் நினைத்தபடி,
மரியரட்ணம்

*

அந்தோனியார் துணை

பாஷையூர்
29.03.1988

அன்புள்ள மரினாவின் அப்பாவுக்கு,

பெரிய கிழமை நடக்கிறது. சுகத்துக்குக் குறைவில்லை. மீனும் கிடைக்கிறது.

விசேசம் ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுதினால் விசேசம் இருக்கிறது என்று அர்த்தம். எழுபத்துநாலில் மீன்பிடிச் சங்கத்தில் வேலை போன அன்றைக்கும் சட்டையைக் கழற்றிக்கொண்டு அதையேதான் சொன்னீர்கள். கொப்பன்ஹேகனில் யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். இங்கேயிருந்து நான் ஒன்றும் செய்ய ஏலாது என்று நினைத்து மறைக்காதீர்கள். கோபப்பட ஏலும்தானே.

உங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு வரும்போது இந்திய ஆமியின் சென்றியில் மறித்தார்கள். ஆமிக்காரப் பொடியன் கடிதத்தைப் பிரிக்கச் சொன்னான், பிரித்தேன். நீங்கள் கீறி அனுப்பிய இசைக்குறிகளைக் கண்டுவிட்டு, இது என்ன இரகசிய எழுத்து என்று கேட்டான்.

"பாட்டு" என்றேன்.

"பாட்டெண்டால் பாடு" என்று கையால் காட்டினான்.

எனக்குப் பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். பாடினேன். எனக்குப் பாட வராது என்பது உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் விளங்கிவிட்டது. இரண்டாவது வரியில் போகச் சொல்லிவிட்டான். நான் போகவில்லை. மூன்றாவது வரியையும் பாடி முடித்துவிட்டுத்தான் கடிதத்தை மடித்தேன்.

மரினாவுக்குக் கோபமில்லை. கோயில் பாட்டுக்கு அவள் இப்போது போவதில்லை. தையல் படிப்பிக்கிறாள். உங்கள் இரண்டாவது குரலைக் கிளோறியாதான் பாடினாள். பிழையாக, ஆனால் உரத்து.

உயிர்த்த ஞாயிறுக்கு உங்களை நினைத்துப் பலகாரம் சுடுவோம்.

உங்கள் எமிலியா

*

எஸ்பியர்க்
22.04.1988

அன்புள்ள எமிலியாவுக்கு,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டும். நான் உடம்பால் சுகம். சொல்லுக்குச் சொல் எழுதச் சொன்னீர், எழுதுகிறேன்.

கொப்பன்ஹேகன் அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இளம் பெண், மரியாதையாகத்தான் கதைத்தாள். "உங்கட நாட்டில இந்தியாவோட ஒப்பந்தம் வந்திட்டுதே. மனிசியைக் கூப்பிடுறதை விட நீங்கள் திரும்பிப் போறது நல்லமெல்லோ?" என்றாள். எங்கள் கோப்பை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். வரிசையில் இருக்கிறது என்றாள். தமிழரின் கோப்புகளை மட்டும் எடுத்து எடுத்து அடியில் வைக்கிறார்கள் என்று இங்கே எல்லாரும் கதைக்கிறார்கள்.

நான் மறைத்தது அதையல்ல. பிள்ளைகளைக் கூப்பிடுவதென்றால் அவர்கள் பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். மரினாவுக்கு ஓகஸ்ட் பத்தொன்பதில் பதினெட்டு முடிகிறது. இது எனக்குப் போன வருடமே தெரியும். உமக்கு எழுதக் கை வரவில்லை.

இன்னொன்று. கடைசிக் கச்சேரிக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். பாடுகிற ஒவ்வொருவரைப் பற்றியும் நாலைந்து வரி. அவரவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் இப்படிக் கொடுத்தேன்: "மரியரட்ணம். மீன் தொழிற்சாலையில் வேலை. மனைவி எமிலியா. மகள்மார் மரினா, கிளோறியா. அவர்கள் இங்கே வருவதற்கான விண்ணப்பம் 11.06.1987 அன்று கொடுக்கப்பட்டது. இன்றுவரை பதில் இல்லை."

கச்சேரிக் குழுத் தலைவர் ஹோல்ம் என்பவர் ஒத்திகைக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது கச்சேரிப் புத்தகம். இதுக்குள்ள அரசியல் வேண்டாம்" என்றார்.

"கிர்ஸ்தனுக்கு என்ன போட்டிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

தாளைப் பிரட்டி வாசித்தார். கிர்ஸ்தன், வார்டே ஊரில் புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு நாயோடும் வசிக்கிறார்.

"கிர்ஸ்தன்ர புருசன் பிள்ளையள் அரசியல் இல்லை. நாயும் அரசியல் இல்லை. என்ர மனிசி பிள்ளையள் மட்டும் அரசியலோ?"

அவர் கெட்ட மனிதரில்லை, எமிலியா. முகம் சிவந்துபோய்விட்டது. வெயில் நாட்டிலிருந்து வந்த குரல் என்று அழகாக ஒரு வரி போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கடைசியில் பேர் மட்டும் போடுவதாக முடிவாயிற்று. இங்கர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஹோல்மை விட அவர்மேல்தான் அதிக கோபம்.

அதனால் கடைசிக் கச்சேரிக்குப் போவதில்லை என்று நினைத்திருக்கிறேன். வாசலிலிருந்து பாட்டு வரட்டும் என்று நகரத்துப் பெரிய மனிதர்கள் எல்லாரும் காத்திருக்கட்டும். பரமானந்தம் அதுவும் கூடாது என்கிறான். "சும்மா இரி மச்சான். உன்ட பேரைக் குறிச்சி வெச்சானுகளெண்டா கோப்பு இன்னும் அடிக்குப் போயிரும்" என்று சொல்கிறான்.

நீர் என்ன சொல்கிறீர்?

பதிலைப் பார்த்திருக்கும்,
மரியரட்ணம்

*

அந்தோனியார் துணை

பாஷையூர்
12.05.1988

அன்புள்ள மரினாவின் அப்பாவுக்கு,

இதை நாளைக் காலை கொழும்புக்குப் போகிற சிஸ்டர் பவளராணியின் கையில் கொடுக்கிறேன். இருபத்தாறுக்கு முன் உங்களிடம் வர வேண்டும் என்று அந்தோனியாரோடு சண்டை பிடித்திருக்கிறேன். சுகமெல்லாம் பிறகு.

நீங்கள் ஒளித்தீர்கள், நானும் ஒளித்தேன். ஒக்ரோபர் பதினேழாம் திகதி காலையில் கிணற்றுக்குப் போகிற முறை மரினாவுடையது. கோயில் வளவின் பின்பக்கம் ஷெல் விழுந்தது. யாருடையது என்று கேட்காதீர்கள். அவள் மேலில் ஒரு கீறல் இல்லை. இடது காதால் மட்டும் இரத்தம் வந்தது. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, வாளியை வைத்துவிட்டுத்தான் விழுந்தாள். பாதித் தண்ணீர் இருந்தது. அந்தக் காது இனிக் கேட்காது. வலது காது நல்லாகக் கேட்கிறது. பக்கத்தில் நிற்பவளின் குரல் கேட்காமல் எப்படிப் பாடுவது என்றுதான் பாட்டை விட்டாள். உங்களுக்கு எழுத வேண்டாம் என்று அவள்தான் தடுத்தாள். "அப்பா பாட்டை நிப்பாட்டிப் போடுவார்" என்றாள். இப்போது நீங்களே நிறுத்தப் போகிறேன் என்று எழுதியபடியால் நான் சொல்லிவிட்டேன்.

பதினெட்டைப் பற்றி. நாங்கள் கேட்டபோது அவளுக்குப் பதினாறு. பதில் சொல்லாமல் வைத்திருந்து வைத்திருந்து அவளைப் பதினெட்டாக்கியவர்கள் யார்? வயது எங்கள் பிழை இல்லை. அதற்கு நான் வெட்கப்படப் போவதில்லை, நீங்களும் வெட்கப்படாதீர்கள்.

பாடாமல் விடாதீர்கள். நீங்கள் வராவிட்டால் அவர்களுக்கு என்ன நட்டம்? சுகமில்லை என்று சொல்லிவிட்டு வேறு யாரையாவது விடுவார்கள். பெரிய மனிதர்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். போய் நில்லுங்கள். கலியாணத்தன்று பாடியதைவிட நன்றாகப் பாடுங்கள். ஒருவரும் குறை சொல்ல ஏலாதபடி பாடிவிட்டு, பிறகு சொல்லுங்கள். புத்தகத்தில் போட மறுத்ததை வாயால் சொல்லுங்கள். பாட்டுக் கேட்டவர்கள் உடனே எழும்பிப் போக மாட்டார்கள், கொஞ்ச நேரம் இருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

பரமானந்தத்துக்குச் சொல்லுங்கள், அடியில் இருக்கிற கோப்பு இதற்கு மேல் எங்கே போகும் என்று.

உங்கள் எமிலியா

*

எஸ்பியர்க்
29.05.1988

அன்புள்ள எமிலியாவுக்கு,

அந்தோனியார் தோற்றுவிட்டார், நீர் வென்றுவிட்டீர். கடிதம் இருபத்தைந்தாம் திகதி வந்தது. தொழிற்சாலையில் உடுப்பு மாற்றுகிற அறையில் வைத்து வாசித்தேன். மரினாவின் காது என்ற இடத்துக்கு வந்ததும் இருந்துவிட்டேன். கிர்ஸ்தன் வந்து என்ன என்று கேட்டாள், சொன்னேன். "என்ன சொல்லப் போறாய், எழுது" என்றாள். மீன் பெட்டிக்கு ஒட்டுகிற தாளின் பின்பக்கம் எழுதினேன். என்னுடைய டெனிஷ் உச்சரிப்பு ஒருவருக்கும் விளங்காது. அன்று பின்நேரமும் அடுத்த நாள் மதியமும் கிர்ஸ்தன் பெட்டி அடுக்கிக்கொண்டே ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினாள்.

வியாழக்கிழமை கோயில் நிறைந்துவிட்டது. கோபுர வாசலில் தனியாக நின்றேன். மரினா வாளியோடு நடந்து வந்ததை நினைத்தேன், நடக்கத் தொடங்கினேன். எமிலியா, நான் ஒரு நாளும் அப்படிப் பாடியதில்லை. வாத்தியம் இல்லாத அந்தப் பாட்டில் மூச்செடுக்கிற இடங்கள்தான் கஷ்டம். ஒரு இடத்திலும் தவறவில்லை. மற்றவர்களோடு போய்ச் சேர்ந்து, ஒன்றரை மணித்தியாலம் எல்லாவற்றையும் பாடினேன்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள். இவர்கள் கோயிலுக்குள் கை தட்டுவது குறைவு. எல்லாரும் குனிந்து வணங்கினோம். மற்றவர்கள் பின்னால் போக, நான் இரண்டடி முன்னால் வந்தேன். கைதட்டல் நின்றது. இன்னொரு பாட்டு என்று நினைத்தார்கள் போல.

நான் சொன்னது இதுதான். "என் பெயர் மரியரட்ணம். புத்தகத்தில் எல்லாருடைய குடும்பமும் இருக்கிறது, என்னுடையது இல்லை. என் மனைவி எமிலியா. என் மகள்மார் மரினா, கிளோறியா. அவர்கள் வருவதற்கு அனுமதி கேட்டுப் பதினொரு மாதமாகிறது. பதில் இல்லை. என் மகள் மரினாவுக்குப் போரில் ஒரு காது போய்விட்டது. ஓகஸ்ட்டில் அவளுக்குப் பதினெட்டு வயது. அதற்குப் பிறகு அவளை என்னிடம் விடமாட்டார்கள். நான் அரசியல் பேசவில்லை. மற்றவர்களைப் போல என் குடும்பத்தைச் சொல்கிறேன்."

ஹோல்ம் எழும்பி நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் பிறகு இருந்துவிட்டார். ஏழெட்டுப் பேர் வெளியே போனார்கள். மற்றவர்கள் அசையவில்லை, ஒருவர்கூட இருமவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான பெண் கையை உயர்த்தி, "பிள்ளையின்ர பேர் எனக்கு விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ" என்றார். மூன்று பேருடைய பெயரையும் ஆறுதலாகத் திருப்பிச் சொன்னேன். அவர் புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே பென்சிலால் எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்து எழுதினார்.

திரும்பிப் பார்த்தால் இங்கர் போகவில்லை, எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். "அண்டைக்கு நான் வாய் திறந்திருக்க வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாசலில் உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் பயந்து பயந்து இருந்த பரமானந்தம் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தன்னுடைய டெனிஷில், "என்ட பேரையும் எழுதுங்க. மனைவி பேர் கோகிலா. கா இல்ல, கோ" என்றான். அவள் சரியாக எழுதுகிறாளா என்று தாளை எட்டிப் பார்த்தபடி நின்றான்.

மரினாவிடம் சொல்லும், அப்பா பாட்டை நிறுத்தவில்லை என்று. அவள் எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உம்முடைய,
மரியரட்ணம்

*

எஸ்பியர்க்
24.08.1988

அன்புள்ள எமிலியாவுக்கு,

மே மாதத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. இது நான் அனுப்புகிற நாலாவது கடிதம். இருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

பத்திரிகையில் வந்ததைப் பார்த்துவிட்டு லூண்ட் என்ற வழக்கறிஞர் ஒருவர் தேடி வந்தார். எனக்கும் பரமானந்தத்துக்குமாகக் கொப்பன்ஹேகன் அலுவலகத்துக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். பதில் வராவிட்டாலும் எழுதுகிறார். கச்சேரிக் குழுவும் எனக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வருகிற வசந்தத்தில் குழுவைச் சிறிதாக்குகிறார்களாம், என் குரல் தேவைப்படாதாம். இங்கர் அதை வாங்கி வாசித்தார். அப்படியென்றால் தானும் தேவைப்பட மாட்டேன் என்று அவர்களுக்கு எழுதிப் போட்டார். வாத்தியக்காரரும் அவரோடு வந்துவிட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமக் கோயில்களில் நாங்களே பாடப் போகிறோம்.

பத்தொன்பதாம் திகதி வேலைக்குப் போனேன். தேநீர் நேரத்தில் கிர்ஸ்தன் ஒரு கேக்கை மேசையில் வைத்தாள். இந்த நாட்டு வழக்கப்படி சின்னச் சின்னக் கொடி குத்தியிருந்தது. மீன் வெட்டுகிற நாற்பது பேர், ரப்பர் சப்பாத்தோடு எழும்பி நின்று, காணாத ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள்.

மரினாவுக்கு என் ஆசிகள்.

மரியரட்ணம்

*

அந்தோனியார் துணை

பாஷையூர்
20.09.1988

அன்புள்ள மரினாவின் அப்பாவுக்கு,

இருக்கிறோம். மூவரும். நான் எழுதிய மூன்று கடிதங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஊரடங்கும் பூட்டிய தபால் கந்தோருமாய் மாதங்கள் போயின. உங்கள் நாலு கடிதமும் ஒரே நாளில் வந்தன. மே மாதக் கடிதத்தை மரினா வாங்கிக்கொண்டு போய்த் தனியாக வாசித்தாள். திருப்பித் தரவில்லை.

பிறந்தநாளன்று காலையில், "அம்மா, இண்டையிலிருந்து நான் அப்பாவுக்கு ஆர்?" என்று கேட்டாள்.

"அதே ஆள்தான். சட்டை அளவு மட்டும் பெரிசு" என்றேன்.

அடுத்த ஞாயிறு கோயில் பாட்டுக்குப் போனாள். வரிசையில் இடப்பக்கக் கடைசியில் நின்றால் எல்லாருடைய குரலும் வலது காதுக்கு வரும் என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள். அந்த இடத்தில் பத்து வருடமாக நிற்கிற யோகம்மாவைப் போய் வேறு இடத்துக்கு மாறச் சொன்னாள். யோகம்மா மாட்டேன் என்றாள். இவளும் நகரவில்லை. மூன்றாவது ஞாயிறு யோகம்மா மாறினாள்.

லூண்ட் என்பவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எழுதுவதை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் எமிலியா

*

எஸ்பியர்க்
21.02.1989

அன்புள்ள எமிலியாவுக்கு,

நீங்கள் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

இந்த நாட்டுப் பத்திரிகைகளில் எங்கள் கோப்புகளைப் பற்றித்தான் பெரிய கதை. ஒரு வருடத்துக்கு மேல் வேண்டுமென்றே எடுக்காமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. இப்போது ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். போன கிழமை கோகிலாவுக்கு அனுமதி வந்தது. பரமானந்தம் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மீன் வெட்டப் போனான்.

எங்களுக்கு நேற்று வந்தது. உமக்கும் கிளோறியாவுக்கும் அனுமதி. மரினாவுக்கு இல்லை. வயது பதினெட்டைக் கடந்துவிட்டது என்று ஒரு வரி.

லூண்ட் எதிர்த்து எழுதலாம் என்கிறார். நாட்கள் எடுக்கும், நிச்சயமில்லை. நீரும் கிளோறியாவும் இப்போது வந்துவிட்டு, மரினாவைப் பிறகு பார்க்கலாமா? அவள் சிஸ்டர்மாரோடு இருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் கிடைத்ததும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது. நீர் சொல்வதைச் செய்கிறேன்.

மரியரட்ணம்

*

அந்தோனியார் துணை

பாஷையூர்
15.03.1989

அன்புள்ள மரினாவின் அப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்குக் குறை வரக் கூடாது. இனித்தான் உங்களுக்குப் பலம் வேண்டும்.

நாங்கள் மூன்று பேருக்குக் கேட்டோம். இரண்டு பேருக்குத் திறக்கிற கதவு எனக்கு வேண்டாம். மரினா போகச் சொல்கிறாள். ஒரு இரவு முழுக்க அழுது சண்டை பிடித்தாள், தன்னால் கிளோறியாவின் எதிர்காலம் கெட்டுப் போகக் கூடாது என்று. கிளோறியாவைக் கேட்டேன். "அக்கா வராட்டி நானும் வரேல்லை" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். எங்கள் வீட்டில் மூன்று வோட்டு, இரண்டு ஒரு பக்கம்.

லூண்ட் இப்படி எழுதட்டும். கேட்ட நாள் 11.06.1987. கேட்ட நாளில் பிள்ளைக்குப் பதினாறு. பதில் சொல்லாதது நாங்கள் இல்லை. பிந்தியது யாரோ அவர்தான் அந்தப் பிந்தலைச் சுமக்க வேண்டும். அதோடு இதையும் எழுதட்டும்: மூன்று பேருக்கும் அனுமதி வராவிட்டால் எமிலியா வரமாட்டாள், கொடுத்த அனுமதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நான் கையெழுத்து வைத்து ஒரு தாள் இணைத்திருக்கிறேன். நீங்கள் பயந்து அதைக் கொடுக்காமல் விட்டால் எனக்குத் தெரியவரும்.

கிராமக் கோயில்களில் பாட்டு எப்படிப் போகிறது? குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றுங்கள்.

உங்கள் எமிலியா

*

கொழும்பு
04.07.1989

அன்புள்ள மரினாவின் அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். கொட்டாஞ்சேனையில் மேரிகிறேஸ் அக்கா வீட்டில் நிற்கிறோம். உங்கள் தந்தியில் இருந்த ஒரே சொல்லை, "மூவரும்" என்பதை, மரினா சிலுவைப் படத்துக்குக் கீழே செருகி வைத்திருந்தாள். வரும்போது எடுத்துக்கொண்டு வந்தாள். லூண்ட் சொன்னபடி கேட்ட நாளைத்தான் கணக்கு எடுத்தார்கள் என்று பிறகு வந்த கடிதத்தில் அறிந்தோம். என்னுடைய தாளையும் கொடுத்திருக்கிறீர்கள். நல்லது.

இன்று காலை வீசாவுக்குப் போனோம். என்னிடமும் கிளோறியாவிடமும் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. மரினா பெரிய ஆள் என்றபடியால் அவளைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்றார்கள். அதிகாரி ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். கதிரை போட்டிருந்த விதத்தில் அவர் மரினாவின் இடப்பக்கம். தாளைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். இவள் பேசாமல் இருந்தாள். இன்னும் உரத்துக் கேட்டார். நான் வாய் திறக்கப் போக, இவள் கையால் என்னைத் தடுத்தாள்.

"இந்தக் காது கேக்காது. மற்றப் பக்கம் வந்து கேளுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விமலராணி ரீச்சரிடம் படித்த ஆங்கிலம், சுத்தமாகச் சொன்னாள்.

அவர் தலையை நிமிர்த்தி இவளைப் பார்த்தார். கதிரையைத் திருப்பிப் போடு என்று சொல்லியிருக்கலாம். இவளும் கதிரையைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் அவர் எழும்பினார். மேசையைச் சுற்றி வந்து, வலது பக்கத்தில் நின்று, ஏன் டென்மார்க்குக்குப் போகிறீர் என்று கேட்டார்.

"என்ர அப்பா அங்க இருக்கிறார்" என்றாள்.

வேறொன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய் இருந்து எழுதி, மூன்று பாஸ்போர்ட் புத்தகத்திலும் முத்திரை குத்தினார்.

இந்த மாதம் இருபத்துமூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, விமானம் ஏறுகிறோம். கோட்டுகளைக் கொண்டு வாருங்கள். கிளோறியா வளர்ந்துவிட்டாள், உங்கள் மனதில் இருக்கிற அளவுக்கு வாங்காதீர்கள். எங்களைக் கண்டதும் நீங்கள் எந்தப் பக்கம் ஓடி வருவீர்கள் என்று எனக்குத் தெரியாது. மரினாவுக்கு வலப்பக்கமாக வந்து கூப்பிடுங்கள்.

உங்கள் எமிலியா